பதின்மூன்று ஏ வீட்டு டிரம்

கடிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே கிரிகரிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இரண்டாவது வரிக்குப் போக அவருக்குப் பொறுமை இல்லை. காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியை நோக்கி வீசினார். அது குறி தவறி, மனைவி உர்சுலா நறுக்கி வைத்திருந்த பயத்தங்காய் மேல் விழுந்தது.

“என்னங்க அது?”

“மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல இருந்து. பதிமூணு ஏ மாடி, ஆறாம் நம்பர் வீட்டு டிரம் சத்தம் தொடர்பாகவாம். நம்ம வீட்டு டிரம் சத்தம். சனிக்கிழமை மூணு மணிக்கு.”

உர்சுலா காகிதத்தை எடுத்துப் பிரித்து, கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூடாக இருக்கும்.

“போனா போகுது, விடுங்க” என்றாள்.

விடுவதா? கிரிகரியா? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அடுக்குமாடி எழும்பிய நாளிலிருந்து அவர் எதையும் விட்டதில்லை. மூக்கு மேல் கோபம் என்று மற்றவர்களைச் சொல்வோம். கிரிகரியின் கோபத்துக்கு மூக்கு வரை ஏறிப் போகிற வேலையே கிடையாது, அங்கேயே குடியிருந்தது.

அதிலும் இது டிரம் விஷயம். நடு அறையில் அந்தச் சிவப்பு செட் நின்றது. 1962-இல் கப்பலில் வந்தது. கிள்ளானில் ஒரு பழைய நடன மண்டபத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். பெரிய பேஸ் டிரம்முக்குள் கோழி முட்டை போட்டிருந்தது. கோழியைக் கெஞ்சி, காவலாளியைக் கெஞ்சி, லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மூன்று வருடம் உட்கார்ந்து துருவைச் சுரண்டி, திருகுகளைத் தேடி ஈப்போ வரைக்கும் அலைந்து, கன்றுத் தோலை நனைத்து வளையத்தில் கட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கினார்.

ஆனால் ஒருநாள்கூட அடித்ததில்லை. அடிப்பதா? அறுபது வயதுத் தோலை அடிக்கிறவன் மனுஷனா? வீட்டில் குச்சிகூட வாங்கி வைத்ததில்லை. ஒருமுறை உர்சுலா தூசி தட்டும்போது விரலால் லேசாகத் தட்டிவிட்டாள் என்பதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் அவர். உர்சுலாவின் அண்ணன்கள் மூன்று பேரும் அந்தக் காலத்தில் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பேண்ட் வைத்திருந்தார்கள். ஒத்திகையின்போது இவள் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள் என்றுதான் கிரிகரிக்குத் தெரியும்.

போன வருடம் ஏழாம் மாடி ரெங்கசாமிக்கும் இப்படித்தான் ஒரு கடிதம் வந்தது. ‘கராவோக்கே சத்தம் தொடர்பாக’ என்று அதுவும் ஆரம்பித்தது. பதினாலு நாளில் அவர் செட்டைக் கட்டிக் கீழே இறக்கிவிட்டார்கள். கிரிகரிக்குப் பயம் அதுதான். டிரம் போனால் வைக்க வேறு இடம் இல்லை. அந்தச் சிவப்பு செட் இல்லாத நடு அறையை நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு அடைத்தது. நெஞ்சு அடைத்தால் மற்றவர்கள் அழுவார்கள், கிரிகரி கத்துவார்.

கீழே ஆபீஸில் வாணி இருந்தாள். முப்பது வயது, பொறுமைசாலி.

“அங்கிள், உக்காருங்க. லெட்டர் கிடைச்சிச்சா? பதினேழு பேரு கையெழுத்து போட்டிருக்காங்க. அதாவது, சனிக்கிழமை மூணு மணிக்கு...”

“சனிக்கிழமை மூணு மணிக்கு நான் கிள்ளான்ல இருந்தேன். வளையம் வாங்கப் போனேன். டோல் ரிசிட் இருக்கு, பாரு.”

“தெரியும் அங்கிள். நீங்க வீட்ல இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான்...”

“ஆள் இல்லாத வீட்ல டிரம் தானா அடிக்குமா? என்னா, பேயா? நான் அடிக்கிறதே இல்ல. வீட்ல குச்சியே கிடையாது. உங்க பதினேழு பேருக்கும் காதுல கோளாறு. டாக்டர்கிட்ட போய் காட்டச் சொல்லு.”

“அங்கிள், கொஞ்சம் முழுசா கேளுங்க.”

“கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மறுநாள் முட்டைக் கடைக்குப் போய்க் காலித் தட்டுகளாக அள்ளிக்கொண்டு வந்தார். நடு அறைச் சுவர் முழுக்க ஒட்டினார், கதவு இடுக்கில் ரப்பர் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரன் எவனோ எதையோ தட்டிவிட்டுப் பழியை இங்கே போடுகிறான், இனிமேல் போடட்டும் பார்க்கலாம் என்று கறுவினார். உர்சுலா வாசலில் நின்று பார்த்தாள்.

“இதெல்லாம் எதுக்குங்க? காத்தே வராது.”

“காத்து வேணாம். நிம்மதி வேணும்.”

ஒட்டும்போதுதான் கவனித்தார். சின்ன டிரம்மின் தோலில், சரியாக நடுவில், வட்டமாக ஒரு தேய்வு. கிரிகரிக்குப் பகீரென்றது. இரண்டு நிமிடம் யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். டெங்கிக் கொசுவுக்கு மாதாமாதம் புகை அடிக்கிறார்களே, அந்தப் புகை. உடனே உட்கார்ந்து மேனேஜ்மென்டுக்கு மூன்று பக்கம் எழுதினார். உர்சுலா பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு, “ஆமா, புகையாதான் இருக்கும்” என்றாள். அந்தப் பையை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவாள். அதிலிருந்து இரண்டு மர ஊசிகள் விரல் தடிமனுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பத்து வருடமாக ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஒரு கைகூட இன்னும் முடியவில்லை. கோலாலம்பூர் வெயிலில் அவசரமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் கிரிகரி பழைய டிரம் சாமான் தேடிச் செமினிக்குப் போய்விட்டு வந்தார். கேட்டில் காவலாளி அய்யாவு வழக்கம்போலத் தடையைத் தூக்காமல் முதலில் போனைத் தூக்கி என்னவோ பேசினான்.

“எப்பப் பாத்தாலும் போனு. கேட்டைத் திற” என்று ஹாரனை அழுத்தினார்.

“சோரி பாஸ், ஒரு நிமிஷம்” என்று அய்யாவு பேசி முடித்துவிட்டுத்தான் திறந்தான்.

லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பில் அதே டிரம், அதே பதின்மூன்று ஏ. கீழே நான்கு வரி என்னவோ எழுதியிருந்தது. அதை யார் படிப்பது? கிரிகரி கையெழுத்துகளைத்தான் படித்தார். நாற்பத்தொன்று. முதல் கையெழுத்து அடுத்த வீட்டுக் கமலநாதனுடையது. தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வாணியின் போன் வந்தது.

“அங்கிள், முட்டைத் தட்டு ஒட்டினீங்களாமே. அதுக்கப்புறம் கம்ப்ளெயின் இன்னும் ஏறிப்போச்சு.”

“தட்டு ஒட்டியும் சத்தம் ஜாஸ்தியாயிடுச்சா?”

“இல்ல அங்கிள், அது என்னான்னா...”

கிரிகரி போனை வைத்துவிட்டார். வைத்த வேகத்தில் திரையில் கீறல் விழுந்தது. அதற்கும் வாணியைத்தான் திட்டினார்.

அடுத்த சனிக்கிழமைக்கு அவர் போட்ட திட்டம் பிரமாதமானது. முதல் கையெழுத்துப் போட்ட ஆளையே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. அப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

“போர்ட் கிள்ளான்ல ஒரு கிடங்குல பழைய மார்ச்சிங் டிரம் இருக்காம். வாங்க கமலநாதன், சனிக்கிழமை போய்ட்டு வரலாம்.”

கமலநாதனின் முகம் வாடிவிட்டது.

“சனிக்கிழமையா? ஞாயித்துக்கிழமை போலாமே லா.”

“ஏன், சனிக்கிழமை மூணு மணிக்கு உங்களுக்கு அப்படி என்னா வேலை?” என்று கிரிகரி கண்ணை உருட்டினார். சனிக்கிழமை கமலநாதன் வண்டியில் ஏறினார். போகிற வழியெல்லாம் கைக்கடிகாரத்தையே பார்த்துப் பெருமூச்சு விட்டார். திருட்டு முழி என்றால் அதுதான் என்று கிரிகரி நினைத்துக்கொண்டார்.

கிடங்கு பூட்டியிருந்தது. மூன்றரைக்கே திரும்பிவிட்டார்கள். கேட்டில் அய்யாவு மறுபடியும் போனைத் தூக்கினான்.

லிஃப்ட் கதவு திறந்ததும் கிரிகரி அப்படியே நின்றுவிட்டார். நடைபாதையில், அவர் வீட்டு வாசலுக்கு நேரே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஒன்பதாம் மாடி இராஜம்மா, மடியில் முறுக்கு டின்னோடு.

“என்னா நடக்குது இங்க?”

“காத்து வாங்குறோம்” என்றார் இராஜம்மா.

அந்த நடைபாதைக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். பத்து வருடத்தில் ஒரு காற்று வந்ததில்லை. எல்லோரும் கிரிகரியை முறைத்துக்கொண்டே நாற்காலிகளை மடக்கினார்கள். இராஜம்மா கமலநாதனிடம் குனிந்து, “இன்னும் ஒரு மணி நேரம் இவரை அங்க நிப்பாட்டி வைக்க முடியலையா உங்களுக்கு?” என்று கடிந்துகொண்டது கிரிகரியின் காதில் விழுந்தது.

ஓ, அப்படியா சங்கதி. இவரை வெளியே நிறுத்திவிட்டு வீட்டை வேவு பார்க்கிறார்கள். சாட்சி சேர்க்கிறார்கள். டிரம்மைத் தூக்காமல் விடமாட்டார்கள்.

உள்ளே உர்சுலா முகமெல்லாம் வேர்த்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“பயந்துட்டியா? வாசல்ல இத்தனை பேரு வந்து நின்னா யாருக்குத்தான் பயம் இருக்காது” என்று கிரிகரி முதன்முறையாக அவளுக்கு விசிறிவிட்டார்.

அந்த வாரம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எல்லா டிரம்மிலிருந்தும் திருகைக் கழற்றி, தோலை உரித்து, நீல நிறப் பிளாஸ்டிக் பேசினில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தான் கட்டிய ஒவ்வொரு தோலையும் உரிக்குமுன் ஒருமுறை தடவிக்கொடுத்தார். மேனேஜ்மென்டின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே உரித்தார்.

“எல்லாத்தையுமாங்க?” என்றாள் உர்சுலா.

“எல்லாத்தையும். நாளைக்கு எந்தப் பய கம்ப்ளெயின் பண்றான்னு பாக்குறேன்.”

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் வேதனை புரிந்த ஒரே ஜீவன் இவள்தான் என்று கிரிகரி உருகிவிட்டார்.

சனிக்கிழமை வெளியே போய்விட்டு நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பினார். கேட்டில் அய்யாவு போனைத் தொடவே இல்லை. சலாமும் வைக்கவில்லை. லிஃப்டில் நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்துமலையிலிருந்து இதற்கென்றே வந்திருந்த ஒரு பெரியவர், “இவருதானா அது?” என்று யாரிடமோ கேட்டார். வீட்டுக் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை பத்து மணி, அவசரக் கூட்டம், கீழ் மண்டபம்.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. கிரிகரி தோல் அடுக்கிய பேசினைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக முன்னால் போனார். வாணி மைக்கை எடுப்பதற்குள் அவர் பிடுங்கிக்கொண்டார்.

“பாருங்க. எல்லாரும் நல்லா பாருங்க. தோல். அத்தனையும் கழட்டிட்டேன். நேத்து சத்தம் வந்துச்சா? வந்துச்சான்னு கேக்குறேன்.”

“வரல” என்று கூட்டம் முழுக்க ஒரே குரலில் உறுமியது.

“அப்புறம் என்னா கோவம் உங்களுக்கு? சத்தம் வந்தாலும் கம்ப்ளெயின், வரலன்னாலும் கம்ப்ளெயினா? மூணு வருஷம் லா. மூணு வருஷம் என் கண்ணைக் கொடுத்து அதை எழுப்பினேன். நான்கூட அதை அடிச்சது கிடையாது. என் பொண்டாட்டியைத் தொடக்கூட விட்டதில்ல. அதை வெளிய தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க. எனக்கு வேற என்னா இருக்கு?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கோபம் தீர்ந்து, மூச்சு தீர்ந்து, கிரிகரி பேசினை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைசி வரிசையில் உர்சுலா பின்னல் பையை இறுக்கிப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இத்தனை வாரத்தில் முதன்முறையாகக் குறுக்கே பேச கிரிகரியிடம் ஒன்றும் இல்லை. வாணி மெதுவாக அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“அங்கிள், சத்தம் வருதுன்னு இங்க யாருமே கம்ப்ளெயின் பண்ணல, உங்க கார் கேட்டுக்கு வந்ததும் ஆன்டி பாதியிலயே வாசிக்கிறதை நிறுத்திடுறாங்க, அதுக்குத்தான் கம்ப்ளெயின்.”