இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரு லிஃப்ட் பாஸ்

எனக்கு ஸ்கீயிங் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருடங்களுக்கு முன் சுவிட்சர்லாந்தில் ஒரு டிக்கெட் கவுன்டரில் சொல்லியிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது. சொல்லவில்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறோம். மகள் தாரிணிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளித் தோழியின் குடும்பத்தோடு ஒரு வார இறுதியில் பக்கத்து மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கும் ஸ்கீ பழகிவிட்டு வந்தவள், அதிலிருந்து வீட்டில் நடப்பதையே விட்டுவிட்டாள். சாக்ஸோடு ஹால் தரையில் வழுக்கிக்கொண்டேதான் சாப்பிட வருவாள். டிசம்பர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு "ஸ்னோ" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆல்ப்ஸ் என்பது நான் சேர்த்துக்கொண்டது. அதற்குக் காரணம் பாலாஜி.

பாலாஜி எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறான். முந்தின வருடம் சுவிட்சர்லாந்து போனவன், கழுத்தில் லிஃப்ட் பாஸ் தொங்க, பின்னால் பனிமலை தெரிய, எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு போட்டோ போட்டான். கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன்.

உடனே எக்செல்லைத் திறந்தேன். லிஃப்ட் பாஸ் என்பது மலைமேல் கொண்டுபோகும் கேபிள் கார், நாற்காலி லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அட்டை. நாங்கள் போகவிருந்த ஊரில் அதில் நான்கு வகை இருந்தது. முதலாவது, அடிவாரத்தில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. இரண்டாவது, அந்த ஊர் மலைக்கு மட்டும். மூன்றாவது, பள்ளத்தாக்கு முழுவதற்கும் (பாலாஜியுடையது). நான்காவது, மலையின் அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலிக்கும் சேர்த்து. எத்தனை லிஃப்ட், எத்தனை சரிவு, எத்தனை கிலோமீட்டர் என்று பத்தி பத்தியாக நிரப்பி, மதிப்பெண் போட்டு, ஃபார்முலா எழுதினேன். நான்காவது பாஸ் அபாரமாக ஜெயித்தது. 'நாடுகள்' என்று ஒரு பத்தி சேர்த்து அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி ரேவதி மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறாள். பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதைச் சம்பளமில்லாமல் செய்வாள்.

"இதுல 'ஸ்கீ பண்ணத் தெரியுமா'ன்னு ஒரு பத்தி இல்லையே" என்றாள்.

"அங்க போய்க் கத்துக்கலாம்."

"அப்ப முதல் பாஸ் போதும். எனக்கு அதுதான். தாருவுக்கு ஸ்கீ ஸ்கூல்லயே குடுத்துடுவாங்க."

"நாலாவதுல ரெண்டு நாடு வருது ரேவதி. ஆப்ஷன் இருக்கணும்ல?"

"நிக்கவே தெரியாத ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு நாடு?"

நல்ல கேள்வி. இருந்தாலும் ஃபார்முலாவை மாற்றவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள், "உங்கள் லெவல் என்ன?" நான் கண் இமைக்காமல் "இன்டர்மீடியட்" என்றேன். (எத்தனையோ வருடங்களாக ரெஸ்யூமே எழுதிய கை. எந்தக் கட்டத்திலும் 'பிகினர்' என்று டிக் அடித்துப் பழக்கமில்லை.)

பக்கத்தில் நின்ற தாரு என்னை நிமிர்ந்து பார்த்து, "பட் அப்பா, யூ டோன்ட் ஸ்கீ" என்றாள்.

"சும்மா இரும்மா" என்று தமிழில் அதட்டினேன். என்னுடைய தமிழ் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனால் தாருவின் ஆங்கிலம் நன்றாகவே புரிந்திருந்தது. அவள் என்னையும் என் மகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நான் கேட்ட நான்காவது பாஸை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் ஐந்து நாட்களும் நான் அடிவாரத்தைத் தாண்டவில்லை. ரேவதி மூன்றாம் நாள் மெதுவாக வளைந்து வளைந்து இறங்கக் கற்றுக்கொண்டாள். நான் விழக் கற்றுக்கொண்டேன். மூன்று வயதுக் குழந்தைகள் வரிசையாக வந்து, கிடக்கிற என்னைச் சுற்றி ஒதுங்கிப் போகும். இதில் இன்னொரு தொல்லை, என் ஜாக்கெட்டுக்குள் இருந்த ஃபைல். எனக்கும் ரேவதிக்கும் இந்திய பாஸ்போர்ட். ஐரோப்பா விசாவுக்காக நான் தயாரித்த ஃபைலில் பாஸ்போர்ட், விசா நகல், கிரீன் கார்டு விண்ணப்ப நகல், ஆபீஸ் கடிதம், ஹோட்டல் புக்கிங், தாருவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருக்கும். அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி விழுந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை ரேவதி அதைப் பிடுங்கி ஹோட்டல் அறை லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

"பனியில ஃபைலோட படுத்திருக்கிற ஒரே மனுஷன் நீங்கதான். எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் மாலை தாரு மூச்சிரைக்க ஓடி வந்தாள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஸ்கீ ஸ்கூல் குழந்தைகளுக்குப் பந்தயம்.

"பேரன்ட்ஸ் எல்லாம் ஃபினிஷ் லைன்ல நிப்பாங்க. நீ என் பேரை லவுடா கத்தணும் அப்பா. அப்பதான் நான் ஃபாஸ்டா வருவேன்."

"கத்தறேன்."

"பிங்கி ப்ராமிஸ்?"

சுண்டுவிரலைக் கோத்துச் சத்தியம் செய்தேன். அந்த விரல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கூசும்.

மறுநாள் காலை எழுந்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது பந்தயம் இல்லை. இன்றோடு பாஸ் முடிகிறது, இரண்டாவது நாட்டை இன்னும் பார்க்கவில்லை என்பதுதான். போட்டோ எடுக்காமல் ஜெர்சி திரும்பினால் பாலாஜிக்கு என்ன பதில் சொல்வது? ஸ்கீ தெரியாவிட்டாலும் கேபிள் காரிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கம் போய்வரலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

"பன்னண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"இப்ப எதுக்கு?" என்றாள் ரேவதி.

"சும்மா, ஒரு ரவுண்டு."

"ஒரு ரவுண்டுக்கு ஸ்கீ எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

போட்டோவில் தோளில் ஸ்கீ பலகை இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று எப்படிச் சொல்வேன்? "இருக்கட்டும்" என்று கிளம்பிவிட்டேன். தாரு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, "டூ ஓ க்ளாக், அப்பா" என்றாள்.

உச்சி நிலையத்தில் இறங்கியபோது அங்கே வேலை பார்த்த பெரிய மீசைக்காரர் என் தோளில் இருந்த ஸ்கீயைப் பார்த்தார். பிறகு விறைத்துப் பறந்துகொண்டிருந்த கொடியைக் காட்டி, "காற்று வருகிறது. பதினொரு மணிக்குள் திரும்பிவிடு" என்று ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் "நோ ப்ராப்ளம்" என்றேன்.

இத்தாலிப் பக்கம் இறங்கியவுடன் ஓர் உணவகம். வெயில் நன்றாக இருந்தது. கழுத்தில் பாஸ், தோளில் ஸ்கீ, மேஜையில் காப்பி என்று பலவிதமாகப் படம் எடுத்துக்கொண்டேன். பாஸ் ஒரு நிமிடம்கூட நேராகத் தொங்கவில்லை, திரும்பிக்கொண்டே இருந்தது. (காற்றுதான். அப்போதாவது புத்தி வந்திருக்கலாம்.) பத்தரை மணிக்கு, 'காலைச் சாப்பாடு சுவிட்சர்லாந்தில், காப்பி இத்தாலியில்' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

போட்டுவிட்டு எழுந்து வந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஆனால் அப்போது நியூ ஜெர்சியில் விடியற்காலை நாலரை மணி. பாலாஜி ஐந்தரைக்கு எழுந்து ஜிம்முக்குப் போகிறவன் என்பது எனக்குத் தெரியும். அவன் எழுந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். ஆமாம், ஆல்ப்ஸ் மலையில், இரண்டாவது நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக் தூங்கி எழுவதற்காகக் காத்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு பாலாஜி ஒரு கட்டைவிரலைப் போட்டான். மன நிறைவோடு எழுந்து லிஃப்ட்டுக்குப் போனேன். வாசலில் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"காற்று. இன்றைக்கு இனிமேல் ஓடாது" என்றான் அங்கிருந்த இளைஞன். என் ஸ்கீயைப் பார்த்து ஆறுதலாக, "நீங்கள் இங்கிருந்து இத்தாலி கிராமத்துக்கு இறங்கிவிடலாம். சரிவு சுலபமானது" என்றான்.

"எனக்கு ஸ்கீயிங் தெரியாது" என்றேன்.

ஆறு நாட்களில் அதை முதல்முறையாகச் சொன்னது அங்கேதான். அவன் என் தோளைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், பிறகு பரிவோடு கீழே போகிற கேபிள் காரைக் காட்டினான். அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலி கிராமத்தில் இறங்கி டாக்சி கேட்டபோதுதான் தெரிந்தது: மலைக்கு மேலே முக்கால் மணி நேரத்தில் வந்த தூரம், மலையைச் சுற்றிச் சாலையில் போனால் நாலு மணி நேரம்.

ரேவதிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"இத்தாலில."

"தாருகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"காத்து அடிக்குது, லிஃப்டை மூடிட்டாங்கன்னு சொல்லு."

"காத்துதான் காரணமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

டாக்சியில் ஸ்கீ நீளவாக்கில் கிடந்தது. அதன் மூக்கு என் காதை உரசிக்கொண்டிருந்தது. பாதி வழியில் டிரைவர், "எல்லைச் சாவடி வரும்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன். ஃபைல் லாக்கரில். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசாதான், இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் கையில் பாஸ்போர்ட் இல்லாதபோது அந்த அறிவு எல்லாம் எங்கோ போய்விடுகிறது. 'நான் டூரிஸ்ட். என் ஃபைல் ஹோட்டலில் இருக்கிறது. என் மகளுக்கு இரண்டு மணிக்குப் பந்தயம்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாவடியில் இருந்தவர் போனில் யாரிடமோ பேசியபடியே, போ என்று கையை அசைத்தார். நான் பின் சீட்டிலிருந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

மணி இரண்டேகால் ஆகியிருந்தது. மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப்பாதையைத் தாண்டி, போனில் சிக்னல் திரும்பியபோது, ரேவதி அனுப்பிய வீடியோ வந்து விழுந்தது. கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மஞ்சள் ஜாக்கெட்டில் தாரு வருகிறாள். முதலில் வருகிறாள், பின்னால் மூன்று குழந்தைகள். அழகாக, உடம்பை வளைத்து வளைத்து வருகிறாள். ஃபினிஷ் லைனுக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது ஸ்கீயைத் திருப்பி நின்றுவிடுகிறாள். பெற்றோர் நிற்கிற கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்கிறாள். "கோ தாரு, போம்மா, போ" என்று ரேவதியின் குரல் கேட்கிறது. தாரு போகவில்லை. மறுபடி ஒருமுறை பார்க்கிறாள். பக்கத்தில் மூன்று குழந்தைகளும் தாண்டிப் போகின்றன. டீச்சர் வந்து முதுகில் தட்டிய பிறகுதான் கோட்டைத் தாண்டுகிறாள்.

அந்த வீடியோவை இரண்டாவது தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. அவமானம் என்ற சொல்லை அதற்கு முன்னால் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன், எல்லாம் வீண்.

ஹோட்டலுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. தாரு வரவேற்பறை சோபாவில் ஹாட் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுத்த மெடல் அவள் கழுத்தில் இருந்தது. என் கழுத்தில் பாஸ். அதை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுவாள், கோபப்படுவாள், இரண்டுக்கும் பதில் தயாரித்திருந்தேன்.

"இத்தாலி நல்லா இருந்துச்சா?" என்றாள். வழக்கமாக ஆங்கிலம் கலந்துதான் பேசுவாள், அன்றைக்கு என்னவோ முழுத் தமிழில் கேட்டாள்.

"இல்லடா. நல்லா இல்ல. அப்பா பண்ணினது ரொம்பத் தப்பு."

"இட்ஸ் ஓகே, அப்பா. இட் வாஸ் விண்டி" என்றாள்.

நான் சொல்லியனுப்பிய பொய்யைப் பத்திரமாக வைத்திருந்து, எனக்கே ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றினால் இல்லை, பாலாஜி அங்கிளின் கட்டைவிரலுக்காக உட்கார்ந்திருந்தேன் என்று தாருவிடம் நான் சொன்னது ஊர் திரும்பி நாலு நாள் கழித்துத்தான். "ஃபார் எ தம்ப்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்றுக்கு அர்த்தம் மாறிவிட்டது. ஆபீஸிலிருந்து நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ரேவதி, "என்னங்க, காத்தா?" என்பாள். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டை மறந்தால் காத்து. கல்யாண நாளை ஒருமுறை மறந்தபோது புயல். பாலாஜிக்கும் கதை தெரிந்துவிட்டது. குழுவில் நான் எந்தப் படம் போட்டாலும் கட்டைவிரலை உடனே போட்டுவிட்டு, 'கிளம்பு, லிஃப்டை மூடிடுவாங்க' என்று எழுதுகிறான்.

தாருவுக்கு இப்போது பதினைந்து. ஸ்கீயை விட்டுவிட்டு, பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள். பந்தய நாட்களில் நான் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் ஃபினிஷ் லைனில் நின்றுவிடுவேன். ஒருமுறை கோடு போடுவதற்கு முன்பே போய்விட்டதால், கோடு போட வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தாரு ஓடத் தொடங்குவதற்கு முன் 'விண்டி?' என்று போனில் அனுப்புவாள். 'நோ விண்ட்' என்று நான் பதில் அனுப்புவேன். இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்போம்.

போன மாதம் அவளுடைய கோச் எங்கள் இருவரையும் தனியாக அழைத்துப் பேசினார். பெண் நன்றாக ஓடுகிறாள், ஒரே ஒரு குறைதான் என்றார். கோட்டை நெருங்கும்போது நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் கூட்டத்தைப் பார்க்கிறாள், அதில் வேகம் குறைகிறது, எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. "இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ரேவதி சிரிக்கவில்லை.