வேதசாட்சிக்கு லீவு கிடையாது

திருப்பூரில் அந்த பனியன் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ஞாயிறன்று வேலைக்கு வருகிற நானூறு பேரும் சட்டப்படி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்.

செக்கிங் பிரிவு ரோஸ்மேரிக்கு வினை இங்கேதான் வந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். உள்ளூர் மாதாகோயில் திருவிழா நாடகத்தில் அவளுக்கு, விசுவாசத்துக்காக உயிரை விடும் வேதசாட்சி வேஷம். பேரரசர் சிலைக்கு ஒரே ஒரு சிட்டிகை சாம்பிராணி போடச் சொல்வார் ரோமாபுரி அதிகாரி. போட்டால் சான்றிதழ், போடாவிட்டால் சிங்கம். அவள் போடமாட்டாள். நாடகம் வருகிற ஞாயிறு சாயங்காலம்.

லீவு கேட்டு மனிதவள அதிகாரி வேல்குமாரிடம் போனாள். பாவம், மனுஷன் பெருமூச்சு விட்டார்.

"ஞாயித்துக்கெழம லீவு நாளுங்கம்மிணி. லீவு நாளுக்கு எப்படிங்க லீவு குடுக்கறது?"

"அப்போ வர வேண்டாமா சார்?"

"வராம எப்படிங்க? சரக்கு கப்பலேறோணுமில்லீங்களா?"

"வரலைன்னா?"

"ஆப்சென்ட்டும் போட முடியாதுங்க, லீவு நாளாச்சே. ஆளைத்தான் நிறுத்தோணும்."

இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்? ரோஸ்மேரி வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

வேல்குமார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்குதுங்க. வியாழக்கெழம சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டர் நம்ம ஆளுங்கள விசாரிக்க வர்றாருங்க. 'ஞாயித்துக்கெழம வேலை கெடையாது'ன்னு சொல்லிப்போடுங்க, நாடகத்துக்கு நானே அனுப்பறேன். ஒரே ஒரு வார்த்தைதானுங்க."

வியாழக்கிழமை ஆடிட்டர் பத்துப் பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒன்பது பேர் பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அதில் மூன்று பேர் நாடகத்தில் ரோமாபுரிச் சிப்பாய்கள், நாலாமவன் மாரிச்செல்வம் சிங்கம். பத்தாவது ஆள் ரோஸ்மேரி. ஒரு மாதமாக வசனம் மனப்பாடம் செய்த வாய் சும்மா இருக்குமா?

"எல்லா ஞாயிறும் வேலைதான் சார். நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஆடிட்டர் பதிவேட்டைப் பார்த்தார். ஞாயிறு விடுமுறை. ஆக, அவள் சொன்னது நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒரு தொழிலாளி இத்தனை தைரியமாகப் பேசுகிறாள் என்றால் அங்கே எவ்வளவு கருத்துச் சுதந்திரம் இருக்க வேண்டும்! மதிப்பெண் படிவத்தில் அந்தக் கட்டத்தில் நூற்றுக்கு நூறு போட்டார். கம்பெனிக்குச் சான்றிதழ் கிடைத்தது. ரோஸ்மேரிக்கு அன்று சாயங்காலமே நிரந்தர ஓய்வு கிடைத்தது.

சான்றிதழ் வந்த சந்தோஷத்தில் ஞாயிறன்று நாலு மணிக்கே எல்லோரையும் விட்டார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக முதலாளி அப்புசாமி. சிங்கத்தின் முன் நின்று, "பொய் சொல்ல மாட்டேன்!" என்று ரோஸ்மேரி முழங்கியதும் மனிதர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

"இப்படியொரு புள்ள நம்ம கம்பெனில இல்லாமப் போச்சேப்பா!" என்று வேல்குமாரைக் கடிந்துகொண்டார்.

"இனிமே பாத்து எடுக்கறேனுங்க" என்றார் வேல்குமார்.

திங்கட்கிழமை, வேலையைத் திரும்பக் கேட்டுக் கெஞ்சலாம் என்று ரோஸ்மேரி போனாள். கம்பெனி வாசலில் வேதசாட்சி வேஷத்தில் அவள் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே, 'உண்மையே எங்கள் உயிர்.'

"உங்களை உள்ள விட வேண்டாம்னு உத்தரவுங்க" என்றார் வாட்ச்மேன்.

கம்பெனி பஸ் வந்தது. இறங்கியவர்கள் படத்தின் முன் சிலுவை போட்டார்கள், கும்பிட்டார்கள், வருகைக்கு ரேகை வைக்க உள்ளே ஓடினார்கள். படத்துக்குக் கீழே நின்றவளைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. சிங்கம் மட்டும் ஒரு நிமிஷம் நின்றது.

"நேத்து என்னமா நடிச்சிய அக்கா!" என்று சொல்லிவிட்டு, அதுவும் ரேகை வைக்க ஓடியது.