பிளாப்பி சுவாமியும் காலி கிளாசும்

காயலில் விழுந்த காசைக்கூட முங்கி எடுத்துவிடலாம். பிளாப்பி சுவாமி கைக்குப் போன காசை பிரம்மாவாலும் திரும்ப வாங்க முடியாது. எண்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி முழுக்க இதுதான் பேச்சு.

பாலக்காட்டுக்காரர். சரக்குக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமைத் தானே எழுதி, பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றி, மசாலா மண்டிகளுக்கு விற்பார். விற்கும் முன் மூன்று தடவை, "நிச்சயமா வேணுமா? நன்னா யோசிச்சாச்சா?" என்று கேட்பார், பெண்ணைக் கொடுக்கிறவர் மாதிரி. கவரைப் பிரித்துவிட்டால் அவ்வளவுதான்.

நான் ஒரு சுக்கு மண்டியில் குமாஸ்தா. கம்ப்யூட்டரும் சுவாமியின் பிளாப்பியும் வாங்கலாம் என்று முதலாளியை நச்சரித்தவனும் நானே. எங்கள் ஊர் மழைக்காலத்தில் செருப்பிலும் பூஞ்சை பிடிக்கும், சாமி படத்திலும் பிடிக்கும். வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் எல்லாவற்றையும் போல அந்தப் பிளாப்பியையும் முற்றத்துப் பாயில், சுக்கோடு சுக்காகக் காயவைத்தேன். சுக்கு மணமும் காயல் காற்றும் சேர்ந்து என்னைத் தாலாட்ட, எங்கோ மிதந்துபோனேன். கண் விழித்தபோது பிளாப்பி அப்பளமாக வளைந்திருந்தது.

முதலாளி கத்தவில்லை. "காசோட வா. இல்லேன்னா வராதே" என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம்!

சுவாமியிடம் போய்க் கூசாமல் புளுகினேன். "பிரிக்கும்போதே இப்படித்தான் இருந்தது, சுவாமி."

மோந்து பார்த்தார். "சுக்குன்னா மணக்கறது!"

"இதை நீங்களே வச்சுக்கோங்கோ. காசு மட்டும் தாங்கோ. இல்லேன்னா முதலாளி என்னை வேலையை விட்டே அனுப்பிடுவார்."

"எடோ, சாயாவைக் குடிச்சுட்டு கிளாசைத் திருப்பிக் குடுத்தா சாயா திரும்பி வருமோ? நீ இதை வேறொரு பிளாப்பில காப்பி பண்ணி வச்சிருந்தா நேக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமா இல்லை, சுவாமி!"

"சத்தியம் எல்லாரும்தான் பண்றா. காசு கிடையாது. போ."

பாவி மனுஷன், என் வயிற்றில் அடித்துவிட்டாரே என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கொட்டுகிற மழை. என் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மண்டிக்குப் போனால், வாசலில் சுவாமி! கையிலிருந்த கவருக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நின்றார்.

"தப்பு என்னோடதாக்கும், முதலாளி. வெயில்ல வைக்கப்படாதுன்னு நான் எழுதி வைக்கலை. இவனை வைய வேண்டாம். இது புதுசு, காசு வேண்டாம்."

முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

அதன்பின் சுவாமியின் கவர்களில் ஒரு வரி கூடியது: 'சுக்கோடு காயவைக்கக் கூடாது.'

இன்றும் கம்ப்யூட்டர் திரையில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று வந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. நனைந்த வேட்டியோடு யாராவது வருகிறாரா என்று ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.