நடுவில் ஒரு ‘ஹிம்’

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் மறுபடியும் ஸ்டோர்கீப்பரின் மைத்துனனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வரவில்லை. கை மட்டும் ஆடியது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று ஸ்டோர்கீப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் பேக்கிங் பிரிவில் கெட்டிக்காரன். எதற்கு இந்தத் திட்டு என்றுதான் புரியவில்லை.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, என் தம்பி தட்டு முன்னாடி கல்லு மாதிரி உக்காந்திருக்கான். இங்கிலீஷ் வகுப்புக்கு மட்டும் விழுந்தடிச்சு ஓடறீங்களே, அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

மேனேஜர் வெளிநாட்டுக்காரர், ஆங்கிலம் மட்டும்தான். ஸ்டோர்கீப்பரோ மருந்துக்கடை மாடியில் நடக்கும் வகுப்பில் இடைநிலை மாணவர். அதாவது, தப்பாகப் பேசும் தைரியம் வந்துவிட்டது. தப்பைக் கண்டுபிடிக்கும் அறிவு இன்னும் வரவில்லை.

அந்த வாரம் ஜோடி வினைச்சொற்கள். “‘அதை’, ‘அவனை’ மாதிரி சின்னச் சொல் வந்தா, ஜோடியைப் பிரிச்சு நடுவுல உக்கார வைங்க. ஸ்விட்ச் இட் ஆஃப். பிக் ஹிம் அப்” என்று டீச்சர் தொண்டை வறளச் சொல்ல வைத்திருந்தார்.

“ஒருத்தனைத் திட்டாம விட்டுடுங்கன்னு சொல்ல என்ன ஜோடி, டீச்சர்?”

“லே ஆஃப்” என்றார் டீச்சர், பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே.

மறுநாள் மேனேஜர் முன்னால் நின்றபோது கால் நடுங்கியது. இலக்கணம் நடுங்கவில்லை.

“சார், மை பிரதர்-இன்-லா. ப்ளீஸ், லே ஹிம் ஆஃப்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “நிச்சயமாகவா? அவனையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ் சார். ஃபேமிலி ரிக்வெஸ்ட்.”

ஷூவில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல மேனேஜர் அவரைப் பார்த்தார். மதியத்துக்குள் மைத்துனனுக்கு வேலை போய்விட்டது.

“ஐயோ, அதை நடுவுலயா வச்சீங்க?” அன்று மாலை வகுப்பில் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த ஜோடியில ‘ஹிம்’ கடைசியில வந்தாத்தான் ‘அவனை விட்டுடுங்க’. நடுவுல வந்தா ‘அவனை வேலையை விட்டுத் தூக்குங்க’!”

“நீங்க சொன்ன விதி?”

“விதிவிலக்கு அடுத்த வாரம்.”

அடுத்த வாரம் வரை வீட்டில் சோறு கிடைக்காது. ‘அவனுக்குக் கடைசிவரை துணை நிற்பேன்’ என்பதற்குப் புத்தகத்தில் ஒரு ஜோடி இருந்தது: ‘சீ ஹிம் த்ரூ’. ‘ஹிம்’மை நடுவில் வைத்திருந்தார்கள். பட்டது போதுமென்று அவர் அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

“சார், ஐ சீ த்ரூ ஹிம்.”

‘அவன் பித்தலாட்டமெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று அதற்கு அர்த்தமாம். சீருடையை ஒப்படைக்க வந்த மைத்துனனை நிறுத்தி, மேனேஜர் உத்தரவுப்படி காவலாளி எல்லோருக்கும் முன்னால் அவன் லாக்கரைக் கொட்டினான். ஒரு சீப்பு, பழைய காலுறை, அக்கா கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ். வேறொன்றும் இல்லை.

மைத்துனன் குனிந்து பொறுக்கினான். “விடுங்க மாமா. எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டோர்கீப்பர் நேரே மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனார். மேனேஜருக்கு எதையும் மொழிபெயர்ப்பது அவர்தான்.

“அம்மா, இனி நான் இங்கிலீஷ்ல வாயைத் திறக்க மாட்டேன். அவனைத் திட்டாதீங்கன்னுதான் கேக்க வந்தேன், வேற ஒண்ணுமில்லைன்னு நீங்களே அவருக்குப் புரிய வைங்க.”

டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“எதுக்குத் திட்டினார்னு நினைச்சீங்க? ஸ்டோருக்கு மெஷின் வருது, உங்களை வேலையை விட்டு அனுப்பறதா இருந்தாங்க. ‘அக்கா வீட்டுக்காரரை விட்டுடுங்க, அவருக்குப் பதிலா என்னைத் தூக்கிடுங்க’ன்னு உங்க மச்சான் தினமும் வந்து கெஞ்சுவாரு, ‘நல்ல வேலைக்காரனை விடவே மாட்டேன்’னு சார் கத்துவாரு, நீங்க வந்து சிபாரிசு பண்ற வரைக்கும்.”