நாலு இருபது

மதிப்பிற்குரிய வாரப் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

எல்கோய்பார் ஆற்றங்கரைத் தெருவில் முதல் மாடியில் குடியிருப்பவனும், திருகாணித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவனுமாகிய புருதென்ஸியோ உர்கிசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மழை, மற்றபடி நலம். சென்ற வார இதழில் எழுத்துப்பிழை குறைவாக இருந்தது. தங்கள் உடம்பு தேறிவிட்டது என்று நம்புகிறேன்.

நிற்க. நூலகத்தில் ஒரு பேராசிரியர் ஆற்றிய உரையை வெளியிட்டிருந்தீர்கள். நம் பாஸ்க் மொழி ரோமானியர் வருமுன்பே இம்மலைகளில் இருந்ததாம்; சுற்றியிருந்த பழைய மொழிகளெல்லாம் செத்தும் இது சாகவில்லையாம்; ஆனால் உலகில் இதற்கு உறவென்று ஒரு மொழிகூட இல்லையாம். உரை நடந்த அன்று நானும் அங்கிருந்தேன்; எழுந்து, "ஒண்ணுவிட்ட, ரெண்டுவிட்ட சொந்தம்கூடவா இல்ல?" என்று கேட்டேன். "தேடாத இடமில்லைங்க. ஆப்பிரிக்கா வரை தேடிட்டாங்க. ஜார்ஜிய மொழின்னு ஒரு காலத்துல நினைச்சாங்க, அதுவும் நிக்கல," என்றார். இந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் கை வீங்க அடி வாங்கியவன் நான். ஓர் அநாதைக்காகவா வாங்கினேன் என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மேல்வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மர்த்தினா அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் லமாரா ஜார்ஜியாக்காரி. என் மனைவி போனபிறகு ஒன்பது வருஷமாக நான் அந்தப் படி ஏறியதில்லை. இரண்டு மொழியையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். தரை கழுவின தண்ணி என் பால்கனியில சொட்டுதுன்னு சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சு லமாரா கதவைச் சாத்திட்டாங்க. அடுத்த வியாழக்கிழமை பாலாடைக்கட்டியோட போனேன், தொறந்தாங்க. தண்ணி நமக்கு உரா, அவங்களுக்கு த்ஸ்காலி. ரொட்டி நமக்கு ஓகி, அவங்களுக்குப் பூரி. அப்பாவுக்கு என்னன்னு கேட்டா "மாமா"ங்கறாங்க; நம்ம ஊர்ல குழந்தைங்க அம்மாவைக் கூப்பிடற வார்த்தை அது. "அம்மாவை இல்ல, அப்பாவைக் கேட்டேன்"னா, "அப்பாவைத்தான் சொல்றேன் பெரியவரே, எழுதுங்க"ன்னு அதட்டல். இப்படி ஏழு வியாழக்கிழமை, ஒரு வார்த்தை ஒட்டல, நடுவுல ஒருநாள் கீழே அடுப்புல வச்ச அவரை கருகி, புகையைப் பார்த்துத் தெருவே தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு, அவங்க என் கதவை உடைச்சு, உள்ளே ஆளில்லைன்னதும் ஆத்துல தேடப் போயிட்டாங்க.

எட்டாவது வாரம், "உங்களுக்கு என்ன வயசு?"ன்னு லமாரா கேட்டாங்க. நம்ம வழக்கப்படி "லாவ்ரோகெய், அதாவது நாலு இருபது"ன்னேன். கஞ்சி கிண்டின கை நின்னுபோச்சு. "எங்க மொழியிலயும் எண்பதுன்னா நாலு இருபதுதான்"னாங்க. அப்புறம், "எங்கப்பாவுக்கும் நாலு இருபது. எங்க ஊர் குத்தாய்சியில தனியா இருக்கார். பார்த்து ஆறு வருஷமாச்சு." ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசல. உள்ளேருந்து மர்த்தினா அம்மா, "யாரு செத்தது?"ன்னு கேட்டாங்க.

மதுக்கடை இசிதோரோ, "பிரெஞ்சுக்காரனும்தான் நாலு இருபதுங்கறான், அவனும் உன் மச்சானா?"ன்னு கேக்கறான். பிரெஞ்சுக்காரன் எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், நம்மகிட்ட கேட்டுப் பழகியிருப்பான்.

ஆகவே, பாஸ்க் மொழிக்கு உறவு கிடைத்துவிட்டது என்று அடுத்த இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வெளியிடவும். தங்களுக்கும், இல்லத்தாருக்கும், பிழைதிருத்துபவருக்கும் நீண்ட ஆயுள் வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
புருதென்ஸியோ உர்கிசு

பி.கு.: இதை அச்சில் போட வேண்டாம். பேராசிரியர் சொன்னதே சரி. நூற்றுப்பதினோரு சொல்லில் ஒட்டியது ஒன்று, அதுவும் சொல் ஒட்டவில்லை, எண்ணுகிற விதம்தான். ஆனால் உங்க பத்திரிகையை மர்த்தினா அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டறது லமாரா. உறவு உண்டுன்னு போட்டாலும் இல்லைன்னு போட்டாலும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடுவாங்க. அப்புறம் வியாழக்கிழமை நான் என்ன சாக்குச் சொல்லிப் படியேறுவேன்?