தக்கை மாமாவின் கனமில்லாத கார்

காருக்குள் ஐஸைக் கொட்டி, அதன்மேல் கல்லுப்பைத் தூவி, சுத்தியலை எடுத்து அடித்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துத் தக்கை மாமாவாகத்தான் இருக்க முடியும். வேறு யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே மாலை போட்டுவிடலாம்.

தக்கை என்பது வலையை மிதக்கவைக்கும் சமாசாரம். அந்தப் பெயர் அவருக்கு வந்தது காரால். காலமெல்லாம் போட் ஓட்டியவர், வயதான பிறகு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். பின்னால் மீன்கூடை, முன்னால் பட்டம்மா அத்தை. ஆரம்பாக்கம் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை அத்தை வாயை மூடமாட்டார். மாமா "உம்" கொட்டிக்கொண்டே ஓட்டுவார்.

ஒரு மழைக்காலத்தில் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. குப்பத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மணல் பாட்டை. அதில் கார் புதைந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தள்ளி வெளியே எடுப்பதற்குள் அத்தை போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா காரின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா பண்றே?"

"போட்டு முகத்துவாரத்துல தரை தட்டினா இன்னா பண்ணுவோம்? கனத்த எறக்குவோம். ஐஸ் பொட்டி, வலை, ஆளு எல்லாம் கீழ. அப்பால போட்டு தானா எழுந்துக்கும். காருக்கு மட்டும் வேற சட்டமா?"

ஸ்டெப்னி போயிற்று. தரைவிரிப்பு போயிற்று. பின்னால் பார்க்கும் கண்ணாடிகளும் போயின. "கடல்ல பின்னால பாத்தா ஓட்றோம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

விரிப்புக்குக் கீழே இன்னொன்று அகப்பட்டது. வண்டிச் சத்தம் உள்ளே கேட்காமலிருக்க, தகரத்தோடு ஒட்டியிருக்கும் தார் அட்டை. கத்தியால் சுரண்டினால் ஜவ்வாக இழுத்தது. மாமா ஏலக் கூடத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை அள்ளிவந்து கொட்டினார். குளிர் ஏற உப்பும் போட்டார். தார் விறைத்துக்கொண்டது. அடிக்க அடிக்க அப்பளமாக நொறுங்கியது. துண்டுகளை மீன் தராசில் ஏற்றியபோது, "இது இன்னா மீனு மாமா, கொழம்புக்கு ஆவுமா?" என்று கூடமே சிரித்தது.

அதற்கப்புறம் கார் கிளம்பினால் பழவேற்காடு ஏரியில் நிற்கும் பூநாரைகளெல்லாம் எழுந்து பறந்துவிடும். உள்ளே உட்கார்ந்தால் கைஜாடைதான். உப்புத் தண்ணீர் தரையை அரித்து ஓட்டையும் போட்டது. மாமாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா, அதுவாவே கனம் கொறையுது!"

பொன்னேரி மெக்கானிக் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தார். "யோவ், நீ கழட்டுனது அத்தினியும் சேத்தாக்கூட உன் தொப்ப கனம் வராதுய்யா!"

அன்றிலிருந்து மாமா இரவுச் சோற்றை நிறுத்திவிட்டார். அம்மா கொடுத்தனுப்பிய மீன்குழம்பு அப்படியே திரும்பி வந்தது. பிறகு குப்பத்தில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

அடுத்த ஐப்பசியில், கொட்டுகிற மழையில் விடியும்போது என் தங்கச்சிக்குப் பிரசவ வலி எடுத்தது. மணல் பாட்டைக்குள் வரமாட்டேன் என்று ஆட்டோக்காரர் கைவிரித்துவிட்டார். கார் சத்தத்தில் ஊரையே எழுப்பிக்கொண்டு மாமா வந்து நின்றார். பின்சீட் இருந்த இடத்தில் வலையைக் குவித்து மெத்தை போட்டிருந்தார்.

"ஏத்துடா! ஏம்மா, கால ஓட்டையில விட்றாதே!"

அம்மாவும் கூட ஏறிக்கொண்டார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். அத்தையை வாங்கிய அந்த மணலைக் கார் எங்கேயும் நிற்காமல், திணறாமல் தாண்டிப் போயிற்று. நான்தான் பைக்கோடு மணலில் விழுந்து புரண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் நலம். சொல்லலாமென்று ஓடிவந்தால், மாமா வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"பொண்ணு மாமா! நல்லாகீறாங்க. எதுக்கு அழுவுறே?"

"ஒரு எடத்துலகூட நிக்கலடா. அன்னிக்கே கழட்டியிருந்தா அவ இருந்திருப்பா. நாந்தான்டா அவள வாரிக் குடுத்துட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் அவர் இறக்கிப் பார்த்த கனம் இதுதானா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யாரு சொன்னது அதுவா தாண்டுச்சின்னு? இன்னிக்கும் பொதையப் பாத்துது மாமா. நிக்க விடாம பசங்க எல்லாம் பின்னாலேர்ந்து தள்ளுனோம். அந்தச் சத்தத்துல உனக்கு இன்னா கேக்கும்? கண்ணாடியும் இல்ல."

மாமா திரும்பி என் சட்டையைப் பார்த்தார். கழுத்துவரை மணல்.

"அப்போ கனத்தால இல்லியாடா?"

"இல்ல மாமா. அந்த மணலு அப்படி. யாரு இன்னா பண்ண முடியும்?"

என் சட்டையிலிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் கழட்டுனதெல்லாம் வீணா? சரியான பைத்தாரன்டா நானு" என்று சிரித்தார். அன்று எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது காருக்குத் தரையும் பின்சீட்டும் வந்துவிட்டன. தங்கச்சி மகள் அதில் ஏறினால் வாயை மூடமாட்டாள். மாமா "உம்" கொட்டிக்கொண்டே ஓட்டுகிறார். அன்று காரை யாரும் தள்ளவில்லை என்பதை அவரிடம் மூச்சுவிடக் கூடாதென்று அம்மாவிடமும் தங்கச்சியிடமும் நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மாமா பத்திரிகை படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதினேன். பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து யாரும் அவருக்கு இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.