முள் கொட்டிய வேலப்பனும் குளூட்டன் இல்லாத காலை உணவும்

ஒரு காட்டில், பரோட்டாக் கடை வந்து மூன்றாம் வருஷம், வேலப்பன் என்கிற முள்ளம்பன்றிக்கு முள் கொட்ட ஆரம்பித்தது.

மனிதனுக்கு முடி கொட்டினால் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்வான். முள்ளம்பன்றிக்கு முள் கொட்டினால் விஷயமே வேறு. அந்தக் காட்டில் ஒரு சிறுத்தை இருந்தார். வேலப்பன் எதிரே வரும்போதெல்லாம் அதன் முதுகைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஒதுங்கிப் போவார். முள் இருக்கும்வரை வணக்கம், முள் போனால் காலைச் சாப்பாடு. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த உறவு அவ்வளவுதான். (மற்ற மிருகங்களை 'அது' என்று சொல்லிவிட்டுச் சிறுத்தையை மட்டும் 'அவர்' என்கிறேனே என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனும் அதே காட்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.)

வேலப்பன் பயந்துபோய் ஆந்தை டாக்டர் ஞானசிகாமணியிடம் ஓடியது.

"காலையில என்ன சாப்பிடுறே?" என்று கேட்டது ஆந்தை.

"ரெண்டு பரோட்டா டாக்டர்."

"மத்தியானம்?"

"ரஸ்க்."

"சாயங்காலம்?"

"காலையில மிஞ்சின பரோட்டா."

ஆந்தை அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தது. "கோதுமையிலயும் மைதாவுலயும் குளூட்டன்னு ஒரு பசை இருக்கு. உன் குடலுக்கு அது ஆகலைன்னு நினைக்கிறேன். தின்ற சத்து எதுவும் உடம்புல ஒட்டல. அப்புறம் முள்ளு எங்கேருந்து முளைக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதியது. 'புரதம் அதிகமுள்ள, குளூட்டன் இல்லாத காலைச் சீரியல். தினம் ஒரு கிண்ணம், பாலில் ஊறவைத்து.'

"கோதுமை மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தாக்கூடப் பழையபடி கொட்டும், பார்த்துக்கோ" என்றும் எச்சரித்தது.

வேலப்பன் சீட்டோடு நரி தர்மலிங்கத்தின் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது. முதல் பாக்கெட்டில் புரதம் அதிகம். ஆனால் அதில் முதல் சாமானே கோதுமை. இரண்டாவதில் குளூட்டன் இல்லை. புரதமும் இல்லை. சர்க்கரையும் சாயமும்தான் இருந்தன. அடுத்த தட்டில் தேன் பாட்டில், தண்ணீர் பாட்டில், ஒரு கட்டுத் துடைப்பம். எல்லாவற்றின் மேலும் 'குளூட்டன் அறவே இல்லை' என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, துடைப்பத்துல எதுக்கு இதை எழுதியிருக்கீங்க?"

"எழுதாம வச்சிருந்தப்ப ஒண்ணுகூடப் போகல. எழுதின அன்னிக்கே பாதி தீர்ந்துபோச்சு."

"புரதமும் இருக்கணும், குளூட்டனும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு சீரியல் இல்லையா?"

"ரெண்டு பாக்கெட்டையும் வாங்கி ஒண்ணாக் கலந்துக்கோயேன்" என்றது நரி. இப்படி யோசிக்கிறவர்களுக்குத்தான் வியாபாரம் ஓடுகிறது.

வேலப்பன் வெறுத்துப்போய்த் தானே செய்வதென்று முடிவெடுத்தது. ஒரு மூட்டை கம்பும் அரை மூட்டை பொட்டுக்கடலையும் வாங்கியது. கடவுள் அவ்வளவு பெரிய பல்லைக் கொடுத்திருக்கும்போது அப்படியே கடித்துத் தின்றால் என்ன என்று கேட்பீர்கள். வயிறு புண்ணாகிக் கிடந்ததால் முழுத் தானியம் செரிக்கவில்லை. குருணையாக உடைத்தால்தான் உண்டு. அந்தக் காட்டில் உடைக்கவும் அரைக்கவும் இருந்தது ஒரே ஒரு மாவு மில். அதை நடத்தியது கரடி மூக்கையா.

மாவு மில்லுக்குப் போகிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வேலப்பனும் கேட்டது. "அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"பயப்படாதே. மிளகாய் இல்ல. கோதுமைதான்."

வேலப்பனுக்குத் தலை சுற்றியது. மிளகாய்க்கு அடுத்துத் தன் மாவை அரைக்க அந்தக் காட்டில் ஒரு ஜீவனும் சம்மதிக்காது. மானோ முயலோ, மிளகாய் வாசம் வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் வருகிறேன் என்று போய்விடும். கோதுமைக்கு அடுத்து என்றால் யாரும் மூச்சுவிடுவதில்லை. வேலப்பன் மில் வாசலிலேயே உட்கார்ந்து யோசித்தது. பிறகு எழுந்து வந்து, "அண்ணே, பத்துப் பதினஞ்சு படி மிளகாய் அரைச்சு முடிச்சதும் சொல்லுங்க. அதுக்கு அடுத்த முறை என்னுது" என்றது.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"மிளகாயில குளூட்டன் இல்லண்ணே. அது வர்ற வழியில கோதுமையை எல்லாம் துடைச்சுத் தள்ளிட்டுப் போயிடும்."

அன்று முதல் வேலப்பன் தினமும் காலையில் ஒரு கிண்ணம் சிவந்த சீரியலைப் பாலில் போட்டுத் தின்றது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், காதில் புகை. இருபதாம் நாள் முதுகில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு முள் எட்டிப் பார்த்தது. இரண்டு மாதத்தில் பழைய ஜோர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சிறுத்தை வழக்கம்போல ஒதுங்கிப் போனார். எனக்கே மனசு நிறைந்துவிட்டது. கதையை இங்கேயே முடித்து, பெரியவர்கள் தின்ற கம்பே சிறந்தது என்று ஒரு நீதி எழுதியிருந்தால் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள்.

ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வாரம் நுணல் லீவு போலிருக்கிறது. அதன் வேலையை வேலப்பன் பார்த்தது. நரி வந்து, "தம்பி, முதுகு என்னமா மின்னுது! ரகசியம் என்ன?" என்று கேட்க, ஒன்று விடாமல் சொல்லிவிட்டது. முதுகைத் திருப்பிப் போட்டோவுக்கும் நின்றது.

அடுத்த வாரம் வேலப்பன் படம் போட்ட பாக்கெட் கடைக்கு வந்தது. 'புரதம் அதிகம். குளூட்டன் அறவே இல்லை. காலைக்கு ஏற்றது.' உள்ளே இருந்தது பழைய இரண்டு பாக்கெட்டையும் கலந்த சரக்குத்தான். அதை வாங்க முடியாதவை நேரே மில்லுக்குப் படையெடுத்தன. மிளகாய்க்கு அடுத்த முறைக்கு டோக்கன் போட வேண்டியதாயிற்று. வேலப்பனுக்குக் கிடைத்த எண் இருநூற்றுப் பதினேழு.

முன்னால் நின்ற முயலிடம், "உனக்கு என்ன நோய் தங்கச்சி?" என்று கேட்டது வேலப்பன்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எல்லாரும் விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன்."

அதற்கு முன்னால் நின்ற அணில் இன்னும் மோசம். கோதுமை மூட்டையோடு வந்து, 'குளூட்டன் இல்லாத முறையில்' அரைத்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனது.

வேலப்பன் வரிசையை விட்டு முன்னால் போனது. "மூக்கையாண்ணே, இவங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு உயிர். என்னை முன்னாடி விடுங்க."

"எனக்குத் தெரியும் வேலப்பா. ஆனா இங்க எல்லாமே அப்படித்தான் சொல்லுது. டாக்டர் சான்றிதழ் இருந்தா நோயாளி வரிசையில விடுறேன்."

வேலப்பன் ஆந்தையிடம் ஓடியது. "டாக்டர், எனக்குக் கோதுமை ஆகாதுன்னு ஒரு சான்றிதழ் கொடுங்க."

"நினைக்கிறேன்னு சீட்டுதான் எழுதலாம், சான்றிதழ் எழுத முடியாது. பரிசோதனை பண்ணணும். நீ இப்ப கோதுமையை விட்டுட்டே, அதனால சோதனையில ஒண்ணும் தெரியாது. ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வா."

"கோதுமை ஆகாதுன்னு காட்ட கோதுமை திங்கணுமா?"

"பின்னே எப்படித் தெரியும்?" என்றது ஆந்தை. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை.

வேலப்பன் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது. முதல் வாரம் வயிறு உப்பியது. இரண்டாம் வாரம் வால் பக்கத்து முள் போனது. நாலாம் வாரம் நடந்த இடமெல்லாம் முள். ஆறு வாரமும் அழுதுகொண்டே பரோட்டா தின்றது. சோதனை முடிவு வந்தபோது முதுகு வழவழவென்றிருந்தது. ஆந்தை பாராட்டியது. "இவ்வளவு தெளிவான முடிவை நான் பார்த்ததே இல்ல!" என்று வட்ட முத்திரை குத்திச் சான்றிதழைக் கொடுத்தது.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலப்பன் மில்லுக்கு ஓடியது. பாதி வழியில் சிறுத்தை உட்கார்ந்திருந்தார். அவர் கையில் வேலப்பன் படம் போட்ட பாக்கெட். பிரித்துப் பார்த்து ஏமாந்த முகம்.

"வாங்க வேலப்பன். மேல உங்க படம் போட்டிருக்கான், உள்ள தவிடு மாதிரி எதையோ வச்சிருக்கான். நானும் இப்ப டயட்ல இருக்கேன். புரதம் அதிகமா, குளூட்டன் இல்லாம, காலையில ஏதாவது கிடைக்குமான்னு ஒரு மாசமாத் தேடுறேன்."

வேலப்பனுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. "ஐயா, நான் உங்களுக்கு ஆக மாட்டேன். உடம்பு பூரா கோதுமைதான். ஆறு வாரம் பரோட்டாவாத் தின்னிருக்கேன்!"

சிறுத்தை தயங்கினார். டயட்டை விட அவருக்கு மனசில்லை. பிறகு, "கையில என்ன காகிதம்?" என்று வாங்கி, நிதானமாகப் படித்தார்.

'வேலப்பனுக்கும் கோதுமைக்கும் ஆகாது. ஒரு துளி குளூட்டன்கூடச் சேர்க்கக் கூடாது என்று சான்றளிக்கிறேன்.'

"பாக்கெட்ல போட்டிருக்கிறதை இனிமே நம்பறதில்லைன்னு இருந்தேன்" என்றார் சிறுத்தை. அவர் கண் கலங்கிவிட்டது. "இது டாக்டர் முத்திரையோட இருக்கே."

மில்லில் அன்று நோயாளி வரிசை காலியாகவே இருந்தது.

நீதி: சான்றிதழ் ஒருநாள் கட்டாயம் உதவும், யாருக்கு என்பது மட்டும் அதில் எழுதியிருக்காது.